கிறிஸ்தவ சமயத்திற் பாவமன்னிப்பு: அதன் ஏதுவும் நியமங்களும்

தனக்குத் தீங்கு செய்தானை ஒருவன் பொறுத்துக்கொள்ளுதல் உலகத்தே காணப்படும் செயலாம். அங்ஙனம் பொறுத்தவனை உலகம் புகழும். ஆயின், நீதிபதியொருவன் தன்முன் நிறுத்தப்பட்ட குற்றவாளியை யாதொரு காரணமுமின்றி விடுப்பானாயின், அவனை உலகம் புகழாது. நடுவுநிலை பிறழ்ந்தான் என்று பழிக்கும். இறைவனோ அன்புடைய தந்தையும் நடுவுநிலை பிறழாத நீதிபதியும் ஆவன் என்பது கிறிஸ்தவ சமயத்தின் துணிபு. அங்ஙனமாயின், அவன் பாவத்தைப் பொறுப்பது யாங்ஙனம்? பொறுப்பின் நீதி குன்றும்; பொறாதொழியின் அன்பு குன்றும். இரண்டும் குன்றாதவாறு மன்னிப்பு நிகழும் முறையைக் காட்டுதலே அச்சமயத்து ஆசிரியர்கள் ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுகளாகச் செய்து வரும் முயற்சியாம்.

கிறிஸ்தவ மதத்திற் பாவஞ் செய்தவன் அதனை வாயாற் கூறிய அளவிலே விடுதலை பெறுவன் என்று புறத்தார் எளிதிற் கூறுவதுண்டு. அம்மதத்து நூல்களை நோக்குவார்க்கு அஃது அத்துணை எளிதன்று என்பது விளங்கும். பிறர் கொள்கையை ஆராயப் புகுவோர் அதனை அக்கொள்கையுடையார் கூறுமாற்றான் முதற்கண் உணர்தல் வேண்டுமாகலின், ஈண்டு அவர் கூறுமாறே அது விளக்கப்படும்.

இவ்விடயத்தில் வினாக்கள் இரண்டு. மன்னிப்பு எதனால் உண்டாயிற்று என்பது ஒன்று. அஃது ஏதுவைப் பற்றியது. அம்மன்னிப்பு எவனுக்கு உரியதாகும் என்பது மற்றொன்று; அது நியமத்தைப் பற்றியது. இவ்விரண்டினையும் ஒன்றெனக் கொண்டு மயங்குவதனாலேயே பெரும்பாலான பிணக்குகள் எழுந்தன.

பாவமென்பது யாது?

கிறிஸ்தவ வேதத்திற் பாவம் மூவகை உவமைகளாற் சொல்லப்படுகின்றது. அது கடன், அது நோய் அல்லது மாசு, அது பிரிவு. கடனாயின் தீர்க்கப்படல் வேண்டும். நோயாயின் குணப்படல் வேண்டும். பிரிவாயின் ஒப்புரவாதல் வேண்டும். மேனாட்டுத் திருச்சபையார் பெரும்பாலும் முதலாவதனையே பற்றி நின்றனர். கீழைத் திருச்சபையார் இரண்டாவதனை மிகுதியும் எடுத்தாண்டனர். 692-ஆம் ஆண்டிற் கான்ஸ்தாந்திநோப்பிளிற் கூடிய சங்கம், பாவமன்னிப்பு அளிக்கும் அதிகாரமுடையோர் நோயின் இயல்பறிந்து மருந்திடும் மருத்துவனைப் போல ஒழுகுதல் வேண்டும் என விதித்தது.

மன்னிப்பைக் குறிக்கும் சொற்களும் நோக்கத்தக்கன. புதிய ஏற்பாட்டின் கிரேக்க மொழியில் வழங்கும் 'அபெசிஸ்' என்னுஞ் சொல், விட்டுவிடுதல் எனப் பொருள்படும். கடனை விடுதற்கும் சிறைப்பட்டாரை விடுதற்கும் அதுவே சொல். பழைய ஏற்பாட்டின் எபிரேய மொழியில் 'சாலஹ்' என்னும் வினைக்கு எவ்விடத்தும் கடவுளே எழுவாயாக வருகின்றார். மனிதன் மனிதனை மன்னித்தற்கு அச்சொல் அங்கு வருவதில்லை. 'நாசா' என்னும் மற்றோர் எபிரேயச் சொல்லோ, சுமத்தல், மன்னித்தல் என்னும் இரு பொருளும் உடையது. தமிழிற் 'பொறுத்தல்' என்பதும் அவ்வாறே சுமையைத் தாங்குதற்கும் பிழையை மன்னித்தற்கும் ஒருங்கே வழங்குதல் கருதத்தக்கது. பிழை பொறுத்தவன் அப்பிழையின் சுமையைத் தானே தாங்கினான் என்னும் இக்கருத்தே பின்னர்க் கிறிஸ்தவக் கொள்கைக்கு நடுநாயகமாகின்றது.

இஸ்ரவேலரிடத்து இருந்த முறை

இயேசு தோன்றுதற்கு முன்னரே இஸ்ரவேலர் பாவநிவாரணத்திற்குப் பலிமுறை உடையராயிருந்தனர். லேவியராகமம் பதினாறாம் அதிகாரத்தின்படி, ஆண்டிற்கு ஒரு நாள் தலைமைக்குரு இரு வெள்ளாட்டுக் கடாக்களை நிறுத்துவன். ஒன்று பலியிடப்பட்டு அதன் இரத்தம் மூலத்தானத்துள் தெளிக்கப்படும். மற்றொன்றின் தலைமேல் அவன் தன் கைகளை வைத்து மக்களின் பாவங்களையெல்லாம் அறிக்கையிட, அது வனாந்தரத்தே போக்கப்படும். ஒன்றால் மாசு நீக்கமும், மற்றொன்றால் சுமை அகற்றலும் காட்டப்பட்டன.

எனினும், அப்பலி எல்லாப் பாவங்களையும் தீர்ப்பதென்று அவர் கொண்டிலர். அறியாமையாற் செய்த பாவத்திற்கே பலி விதிக்கப்பட்டது. துணிந்து கையோங்கிச் செய்தவன் குலத்தினின்று அறுப்புண்பான் என எண்ணாகமம் கூறும். பிறன் பொருளை வஞ்சித்தவன் முதலும் அதனோடு ஐந்திலொரு பங்கும் உடையானுக்குக் கொடுத்த பின்னரே பலி செலுத்துதல் வேண்டும். தீர்க்கதரிசிகளோ, நெஞ்சம் மாறாதவன் இடும் பலியைக் கடவுள் வெறுக்கின்றார் என்று இடித்துரைத்தனர். 51-ஆம் சங்கீதம் நொறுங்கிய உள்ளத்தையே பலியாகக் கூறுகின்றது. ஆகவே, வெளிச்சடங்கு ஏதுவாமா, உள்ளத்தின் திருப்பம் ஏதுவாமா என்னும் ஐயம் அக்காலத்தே தொடங்கியதாயிற்று.

இயேசுவின் போதனை

இயேசு கற்பித்த உவமைகளுள் இரண்டு இவ்விடயத்திற்கு இன்றியமையாதன. ஒன்று லூக்கா நூலிற் காணப்படும் கெட்ட மைந்தன் உவமை. தந்தையின் பொருளைப் பங்கிட்டுப் பெற்று அழித்தவன், பசியால் நலிந்து, கூலியாளாக ஏற்குமாறு வேண்டும் சொற்களை மனத்துள் வகுத்துக்கொண்டு மீள்கின்றான். தந்தையோ அவனைத் தொலைவிற் கண்ட அளவிலே ஓடித் தழுவுகின்றான். கூலியாளாக வேண்டும் என்னும் சொல்லை அவன் கூறி முடிக்குமுன்னரே அவனுக்கு ஆடையும் மோதிரமும் அளிக்கப்படுகின்றன. இவ்வுவமையிற் பலியில்லை, ஈடு கொடுத்தலுமில்லை. மீளுதல் ஒன்றே உளது. அம்மீட்சிக்கும் முந்தியது தந்தையின் அன்பு.

மற்றொன்று மத்தேயு நூல் பதினெட்டாம் அதிகாரத்து உவமை. பதினாயிரந் தாலந்து கடன்பட்ட ஊழியன் ஒருவனுக்கு அரசன் அதனை முற்றும் விட்டான். அவ்வூழியன் வெளிப்போந்து, தனக்கு நூறு வெள்ளிப்பணம் தரவேண்டிய உடனூழியனின் கழுத்தைப் பிடித்துச் சிறையில் இடுவித்தான். அரசன் அஃதறிந்து, விட்ட கடனை மீண்டும் அவன்மேற் சுமத்தினான். ஒரு வெள்ளிப்பணம் அக்காலத்துக் கூலியாளின் ஒரு நாட் கூலி. ஒரு தாலந்து ஆறாயிரம் வெள்ளிப்பணம். எனவே முதற்கடன் ஆறு கோடி வெள்ளிப்பணமாம். இரண்டாவதைப் போல ஆறு இலட்சம் மடங்கு. எத்துணைப் பிறவி உழைத்தாலும் அவன் அதனைத் தீர்த்தல் இயலாது. தவணை தரின் முழுதும் செலுத்துவேன் என்று அவன் வேண்டியது தன் நிலையறியாத பேச்சேயாம். அரசன் தவணையளித்திலன், கடனையே விட்டான்.

இவ்வுவமையில் நுண்பொருள் ஒன்று உண்டு. உடனூழியனை மன்னித்தல், அரசனது மன்னிப்பிற்கு விலையாக முன் வைக்கப்படவில்லை; மன்னிப்பே முந்திற்று. ஆயினும், பெற்ற மன்னிப்பைப் பிறர்க்கு அளியாதவன் அதனை இழந்தான். ஆகவே பிறரை மன்னித்தல், மன்னிப்பைப் பெறும் விலையன்று. பெற்றதனை நிலைபெறச் செய்யும் நியமம். கர்த்தருடைய செபத்தில் இவ்விரண்டும் ஒரே வேண்டுகோளாகப் பிணைக்கப்பட்டதும் இதுபற்றியே என்க.

சிலுவை ஏதுவாதல்

இயேசு சிலுவையில் மரித்ததன்பின், அவர்தம் மாணாக்கர் அம்மரணத்தையே மன்னிப்பிற்கு ஏதுவாகக் கொண்டனர். உரோமருக்கு எழுதிய நிருபத்திற் பவுல் கூறுவதன் கருத்து இது: முற்காலத்துப் பாவங்களைக் கடவுள் தண்டியாது பொறுத்திருந்தமையால் அவரது நீதியைக் குறித்து ஐயம் எழக்கூடும், கிறிஸ்துவின் மரணத்தில் அவரது நீதி வெளிப்பட்டது, ஆதலால் அவர் நீதியுடையவராகவும், விசுவாசிப்பவனை நீதிமானாக்குபவராகவும் ஒருங்கே விளங்குகின்றார். எபிரேயருக்கு எழுதப்பட்ட நிருபமோ, ஆண்டுதோறும் இடப்பட்ட பலி, மீண்டும் மீண்டும் இடப்பட்டமையானே தன் குறைவைத் தானே காட்டிற்று என்றும், கிறிஸ்துவின் பலி ஒருமுறையே நிகழ்ந்து நிறைவெய்திற்று என்றும் வாதிக்கின்றது.

அம்மரணம் பாவத்தைத் தீர்த்தது என்பதிற் கிறிஸ்தவர் ஒருமித்தனர். எவ்வாறு தீர்த்தது என்பதில் அவர்க்குள்ளேயே கொள்கை பலவாயின. 1098-ஆம் ஆண்டளவிற் கான்டர்பரித் தலைமைக்குருவாகிய ஆன்செல்ம் முடித்த நூல், கடவுள் மனிதரானது ஏன் என்னும் வினாவையே பெயராக உடையது. பாவமாவது கடவுளுக்குச் செலுத்த வேண்டியதனைச் செலுத்தாமை. இனிமேற் கீழ்ப்படிந்தொழுகுவேன் எனின், அஃது எஞ்ஞான்றும் செலுத்த வேண்டிய கடமையேயன்றிப் பழங்கடனுக்கு ஈடாகாது. செலுத்தவேண்டியவன் மனிதன், செலுத்த வல்லவர் கடவுள் ஒருவரே. ஆதலின் கடவுளும் மனிதனுமாகிய ஒருவரே செலுத்தற்குரியர் என்பது அவர் முடிபு.

அவர்க்குச் சிறிது பிற்பட்ட அபெலார்டு (1079–1142), குற்றமற்றவன் ஒருவனது இரத்தத்தைக் கடவுள் விலையாகக் கேட்டாரென்பது கொடுமையாம் என மறுத்தார். சிலுவையிற் காணப்படும் அன்பு மனிதன் நெஞ்சில் அன்பை எழுப்புகின்றது. அவ்வன்பே அவனைப் பாவத்தினின்று விடுவிக்கின்றது என்பது அவர் கருத்து. தாமஸ் அக்வினாஸ் இடைநின்று, ஈடின்றி மன்னித்தலும் கடவுளுக்கு இயலும், அஃது அநீதியன்று, ஏனெனில் அவருக்கு மேற்பட்ட தலைவர் இல்லை, பாவமோ அவருக்கே இழைக்கப்பட்டது. ஆயினும் மானிட ஈடேற்றத்திற்குச் சிலுவை வழியே மிகப் பொருந்தியது என்றார்.

தடையும் விடையும்

இக்கொள்கைக்கு மிக வலிய தடையை நிகழ்த்தியவர் பவுஸ்துஸ் சொசீனுஸ் (1539–1604) என்பார். அவரது நூல் 1594-இல் அச்சாயிற்று. கடன் செலுத்தப்பட்டதாயின் அது மன்னிக்கப்பட்டதன்று, மன்னிக்கப்பட்டதாயின் செலுத்தப்பட்டதன்று, இரண்டும் ஒருங்கே நிகழ்ந்தன என்பது முரணாம். அன்றியும், ஒருவன் பொருட்கடனை மற்றொருவன் செலுத்தலாம். ஒருவன் செய்த குற்றத்திற்கு மற்றொருவன் தண்டனை ஏற்றல் நீதியாகாது.

இதற்குக் கிறிஸ்தவ ஆசிரியர் கூறும் விடை மூன்று. கடன் கொடுத்தோன், கடன்பட்டோன், இடையிற் செலுத்துவோன் என மூவர் தனித்தனி நிற்பராயின் அத்தடை வெல்லும். கிறிஸ்துவோ கடவுளுக்குப் புறம்பான மூன்றாமவர் அல்லர். மன்னிப்பவர் தாமே அதன் இழப்பையும் ஏற்றார். கடனை விடுபவன் அப்பொருளைத் தான் இழக்கின்றான். அவ்விழப்பே செலுத்தப்பட்டதென்று கூறப்படுகின்றது என்பது முதல் விடை. கிறிஸ்துவும் அவரை விசுவாசிப்போரும் தலையும் உறுப்புக்களும் போல ஓருடலாதலின், பிறன் தண்டனையைப் பிறன் ஏற்றான் என்றல் பொருந்தாது என்பது இரண்டாம் விடை. கடவுள் கடன் கொடுத்தவர் போல்வாரல்லர், அரசர் போல்வார். அரசன் சட்டத்தின் மாட்சி குன்றாதவாறு தண்டனையைத் தளர்த்தற்கு உரியன் என்பது 1617-இற் குரோசியுஸ் என்னும் சட்டநூற் புலவர் கூறிய மூன்றாம் விடை. இவற்றுள் முதலாவதே வலியுடையது. அதுவும், கிறிஸ்து கடவுளே என்னும் கொள்கையை உடன்பட்டார்க்கன்றிப் பிறர்க்குப் பயன்படாது. சொசீனுஸ் அதனை உடன்படாதவர் என்பது அறியத்தக்கது.

நியமங்கள்

இனி மன்னிப்புப் பெறுவானிடத்து வேண்டப்படுவன கூறப்படும். முதலாவது மனந்திரும்புதல். கிரேக்கத்தில் 'மெத்தனோயா' என்னும் அச்சொல் மனத்தின் மாற்றத்தைக் குறிக்கும். பயனை இழந்தோமே என்று வருந்துதலும் அகப்பட்டோமே என்று அஞ்சுதலும் மனந்திரும்புதலாகா. இரண்டாவது விசுவாசம், அஃதாவது, கடவுள் தன்னை ஏற்பார் என்று அவரைப் பற்றுதல். மூன்றாவது அறிக்கை; பாவத்தை மறையாது பாவமென்றே கூறுதல். நான்காவது, கவர்ந்ததனைத் திருப்பிக் கொடுத்தலும் கெடுத்ததனைச் செப்பஞ் செய்தலும். ஐந்தாவது, மேற்கூறியபடி பிறரை மன்னித்தல்.

இவற்றுள் விசுவாசத்தின் தலைமையை யூதாசும் பேதுருவும் ஆகிய இருவரது வரலாற்றால் அறியலாம். இருவரும் ஒரே இரவிற் பிழைத்தனர். யூதாஸ் மனம் வருந்தினான்; குற்றமற்ற இரத்தத்தைக் காட்டிக்கொடுத்தமையைக் குருமார் முன் வாயாற் கூறினான்; பெற்ற முப்பது வெள்ளிக் காசையும் திருப்பி எறிந்தான். வருத்தம், அறிக்கை, திருப்பிக் கொடுத்தல் என்னும் மூன்றும் அவன்பால் இருந்தன. பேதுருவோ வெளியே சென்று அழுதான். அவ்வளவே நூலிற் கூறப்பட்டது. எனினும் யூதாஸ் தூக்கிட்டு மாய்ந்தான். பேதுரு மீண்டும் ஆண்டவரிடத்து வந்தான். தன் பிழையினும் அவரது அன்பு பெரிதென்று பற்றுதலின்மையே யூதாசிடத்துக் குறை என்பர். நியமங்கள் பலவும் நிறைந்தும், பற்று இல்லாதவழி அவை மன்னிப்பாக முதிராமையை இது காட்டும்.

இந்நியமங்கள் மன்னிப்பிற்குக் காரணமா, காரியமா? சகேயு என்னும் வரித்தண்டற் தலைவன், ஏமாற்றிக் கொண்டதனை நான்மடங்காகத் திருப்பித் தருவேன் என்றான். ஆனால் அவன் அங்ஙனம் கூறியது, இயேசு அவன் இல்லத்திற்கு விருந்தினராக வருவேன் என்று தாமே கூறியதன் பின்னரேயாம். சிலுவையிற் பக்கத்தே தொங்கிய கள்வனுக்கோ திருப்பிக் கொடுத்தற்குக் காலமும் இல்லை, கையும் இல்லை, அவனும் ஏற்கப்பட்டான். ஆகவே, அருள் முந்துவது, நியமம் அதனைத் தொடர்வது என்பதிற் பெரும்பாலோர் உடன்படுவர். இயன்றவழிச் செய்யாதவன் மனந்திரும்பினான் அல்லன் என்பதிலும் உடன்படுவர்.

ஞானஸ்நானத்தின் பின் செய்த பாவம்

ஞானஸ்நானம் முன்செய்த பாவங்களையெல்லாம் நீக்கும் என்பது தொடக்கந்தொட்டு வந்த கொள்கை. அதன்பின் பெரும்பாவம் செய்தார் நிலை யாது என்னும் வினா, 250-ஆம் ஆண்டில் உயிர்நிலை வினாவாயிற்று. உரோம அரசனாகிய தேசியுஸ், யாவரும் தெய்வங்களுக்குப் பலியிட்டுச் சான்றுச்சீட்டுப் பெறுதல் வேண்டும் என்று ஆணையிட்டான். அச்சீட்டுக்கள் நாற்பதிற்கு மேற்பட்டன எகிப்து நாட்டிற் கண்டெடுக்கப்பட்டுள்ளன. சிலர் உயிர் துறந்தனர், பலர் பலியிட்டனர், வேறு சிலர் பொருள் கொடுத்துப் பொய்ச்சீட்டுப் பெற்றனர். துன்பம் நீங்கியபின் தவறியோர் சபையின் வாயிலில் வந்து அழுதுநின்றனர். உடன்பிறந்தாரை இழந்தவர் உள்ளும், உயிர் பிழைக்கப் பலியிட்டவர் வெளியும் நின்றனர். அவர்களை ஏற்பதா? உரோமையில் நோவாசியன், கிறிஸ்துவை மறுதலித்தாரை மன்னிக்கும் அதிகாரம் சபைக்கில்லை, அவரைக் கடவுளுக்கே விடுதல் வேண்டும் என்றார். கார்த்தேஜ் நகரத்துச் சிப்பிரியன், ஆராயாது உடனே ஏற்றலையும் என்றும் ஏலாமையையும் ஒருங்கே மறுத்து, அவரவர் செய்கைக்கேற்பத் தவம் விதித்து ஏற்றலே முறையென்றார். இவர் வழியே நிலைபெற்றது. 325-இல் நிசேயாவிற் கூடிய சங்கம், நோவாசியன் வழியினர் திரும்பி வருங்கால், தவறியோரோடும் உறவு கொள்வதாக எழுதித் தருதல் வேண்டும் என விதித்தது.

தொடக்கத்தே இத்தவம் பலரறியச் செய்யப்படுவது. வாழ்நாளில் ஒருமுறையே அளிக்கப்படுவது. பின்னர் அயர்லாந்துத் துறவிகளால் மறைவாகவும் பன்முறையும் அறிக்கையிடும் வழக்கம் பரவிற்று. 1215-இல் நான்காம் இலாத்தரன் சங்கம், ஒவ்வொருவரும் ஆண்டிற்கு ஒருமுறையேனும் குருவிடம் பாவத்தைக் கூறுதல் வேண்டுமென்றும், கேட்டதனை வெளியிடும் குரு பதவியிழப்பன் என்றும் விதித்தது. இம்முறை பற்றிய நூலொன்று தமிழ் எழுத்தில் அச்சான மிகப் பழைய நூல்களுள் ஒன்றாதல் அறியத்தக்கது; அண்டிரிக் அடிகளாரின் அந்நூல் 1580-இற் கொச்சியில் வெளிவந்தது. தமிழ்க் கத்தோலிக்கர் இதனைப் 'பாவசங்கீர்த்தனம்' என வழங்குவர்.

தவத்திற்குப் பதிலாகப் பலன்கள் அளிக்கப்பட்டன. அவை பாவத்தின் குற்றத்தையன்று, எஞ்சிய இவ்வுலகத் தண்டனையையே நீக்குவன என்பது விதி. நடைமுறையிற் பொருள் கொடுத்துப் பெறப்படுவனவாக அவை இழிந்தபோது, 1517-இல் மார்ட்டின் லூத்தர் தொண்ணூற்றைந்து கூற்றுக்களை வெளியிட்டார். விசுவாசம் ஒன்றாலேயே மனிதன் நீதிமானாகின்றான். செயல் அதன் கனியேயன்றி வேரன்று என்பது அவர் போதனை. திரெந்துச் சங்கம் 1547-இலும் 1551-இலும் இதற்கு விடையிறுத்தது: அருளே முந்துவது, ஆயினும் மனிதன் அதற்கு உடன்பட்டு இயங்குகின்றான், மனஸ்தாபம், அறிக்கை, பரிகாரம் என்னும் மூன்றும் பாவியினிடத்து வேண்டப்படுவன. கடவுளை நேசிப்பதனால் எழும் உத்தம மனஸ்தாபம், பாவசங்கீர்த்தனம் செய்யும் கருத்தோடு கூடியவழி, அதற்கு முன்னரே பாவியை ஒப்புரவாக்கும் என்றும் அச்சங்கம் கூறிற்று. நானூறாண்டிற்கு மேல் நீடித்த இப்பிணக்கின் பெரும்பகுதி, 1999-ஆம் ஆண்டு அக்டோபர் 31-ஆம் நாள் ஆக்ஸ்பர்க் நகரில் இருசாராரும் கையெழுத்திட்ட கூட்டறிக்கையால் தணிந்தது. மன்னிப்பு அருளால் வருவது, மனிதன் தகுதியால் வருவதன்று. நற்செயல் அதனைத் தொடர்வது என அதன்கண் ஒருமித்துக் கூறினர்.

மன்னிக்கப்படாத பாவம்

எல்லாம் மன்னிக்கப்படுமாயின், பரிசுத்த ஆவிக்கு எதிரான தூஷணம் மன்னிக்கப்படாதென்று இயேசு கூறியது என்னை எனின், அது கடவுளது மன்னிக்கும் ஆற்றலுக்கு எல்லையிட்டதன்று. நன்மையை நன்மையென்று கண்டும் அதனைப் பேயின் செயலென்று கூறியவரை நோக்கியே அது சொல்லப்பட்டது. மன்னிப்பை அளிப்பதனையே பகையென்று தள்ளுவான் அதனைப் பெறுமாறு இல்லை. மருந்தை நஞ்சென்று உமிழ்பவன் நோய் தீராமைக்கு மருத்துவன் காரணனாகான். இறுதிவரை மனந்திரும்பாமையே அப்பாவம் என அகுஸ்தீன் பொருள் கொண்டார். அப்பாவத்தைச் செய்துவிட்டோமோ என்று அஞ்சி நைபவன் அதனைச் செய்தவனல்லன். அவ்வச்சமே அவன் உள்ளம் திரும்பியதற்கு அடையாளம் என்று குருமார் தேற்றுவர்.

முடிவு

மேற்கூறியவற்றால், கிறிஸ்தவ சமயத்தில் மன்னிப்பின் ஏது கடவுளது அருளும், அது சிலுவையில் வெளிப்பட்டமையுமாம் என்பதும், மனந்திரும்புதல் முதலியன அம்மன்னிப்பை விலைக்குக் கொள்ளும் பொருள்களல்ல, ஏற்கும் கைகளாம் என்பதும் பெறப்பட்டன. விலையின்றிக் கிடைத்தது எளிதென்று எண்ணி, மனமாற்றமின்றி மன்னிப்பை நாடுவாரை, ஜெர்மானிய ஆசிரியராகிய போன்ஹோபர் 1937-இல் வெளியிட்ட நூலில் மலிவான அருளை நாடுவோர் என்று கடிந்தார். அவர் அரசின் கொடுமையை எதிர்த்துச் சிறைப்பட்டு, 1945-ஆம் ஆண்டு ஏப்ரல் 9-ஆம் நாள் தூக்கிலிடப்பட்டார். பெறுவானுக்கு விலையின்றிக் கிடைப்பினும் அளித்தவருக்கு அது விலையுயர்ந்தது என்பதே அவர் வற்புறுத்திய பொருள். பதினாயிரந் தாலந்து விடப்பட்ட ஊழியன், அரசன் இழந்தது இத்துணையென்று ஒருகணம் எண்ணியிருப்பானாயின், நூறு வெள்ளிப்பணத்திற்காக உடனூழியன் கழுத்தைப் பற்றியிரான். அவ்வெண்ணம் எவனிடத்து உண்டோ அவனிடத்தே மன்னிப்பு நிலைபெறும் என்பது அச்சமயத்தார் கொள்கையென்க.